தட்டான் பறந்தால் ஓடை நலமா?

சிங்கப்பூரின் குறுக்குத் தீவு ரயில் பாதை, மெக்ரிட்சி காட்டுக்கு அடியில் போகலாமா என்ற விவாதம் 2013ல் தொடங்கி, 2019 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. காட்டைச் சுற்றிச் செல்ல சுமார் 200 கோடி வெள்ளி கூடுதலாகும் என்பதால் அரசாங்கம் நேர்வழியைத் தேர்ந்தெடுத்தது. சுரங்கம் ஏறக்குறைய 70 மீட்டர் ஆழத்தில் அமையும் என்றும் வனப்பகுதிக்குள் தரைக்குமேல் பணித்தளம் இருக்காது என்றும் உறுதி கூறப்பட்டது.

அந்த உறுதி பலித்ததா என்பதைச் சொல்லப்போவது காட்டு ஓடைகள்தான். அங்கே வாழ்கிறது ‘டிரெபனோஸ்டிக்டா குவாட்ராட்டா’ என்ற அரிய ஊசித்தட்டான். ஆங்கிலப் பெயரிலேயே நிழலையும் சிங்கப்பூரையும் சுமக்கும் பூச்சி அது. மர நிழல் விழும் சிற்றோடையை விட்டு அது அதிகம் விலகாது. அதன் இளம்பருவமும் அந்தத் தண்ணீரில்தான் கழிகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தட்டானைத் தெரியும். உட்காரும்போது இறக்கையை விரித்து வைப்பது தட்டான்; குச்சிபோன்ற உடலும் விலகி நிற்கும் கண்களும் கொண்டு, பெரும்பாலும் இறக்கையை மூடி உட்காருவது ஊசித்தட்டான். ஆனால் ஊசித்தட்டானிலும் எந்த வகை என்று அறிய, இறக்கை நரம்புகளையும் ஆண் பூச்சியின் வால்நுனி அமைப்பையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? மரம் குறைந்து வெயில் விழுந்தால் ஓடை வெறிச்சோடிவிடாது. நிழல் தேடும் வகை மறையும். கால்வாய் ஓரத்திலும் குளத்திலும் பறக்கும் சாதாரண வகைகள் அந்த இடத்தைப் பிடிக்கும். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகவே தெரியும். பெயர் சொல்லி எண்ணுபவருக்கு மட்டுமே இழப்பு புரியும்.

ஆகவே, கட்டுமானக் காலத்தில் மரங்களை எண்ணுவது மட்டும் போதாது. நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் கசிந்தால், மரம் நின்றாலும் ஓடை மெலியலாம். நீர்மட்டத்தோடு இந்தப் பூச்சியையும் ஆண்டுதோறும் ஓடைவாரியாகக் கணக்கெடுத்து, முடிவைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும்.

இது சிங்கப்பூருக்கு மட்டுமான பாடமன்று. மலேசியாவில் காடு செம்பனைத் தோட்டமானபோதும் காட்டோடைகள் நிழலை இழந்தன. கரையோர மரங்களை விட்டுவைத்த இடங்களில்தான் அத்தகைய பூச்சிகளுக்குப் பிழைக்க வழியுண்டு.