பின்னோக்குக் கண்ணாடி

மோட்டார்க் கார் ஓட்டத் தெரியாத ஒருவர் கார்களைப் பற்றி எழுதலாமா என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். எழுதலாம் என்பதே எமது துணிபு. ஓட்டுபவர் வீதியை மட்டுமே பார்க்கிறார். அருகில் அமர்ந்திருப்பவரோ வீதியையும் ஓட்டுபவரையும் சேர்த்துப் பார்க்கிறார். அவ்வாறு பார்த்திருக்கும் வாய்ப்பு அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எமக்குக் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் பழைய கார்களைப் பேணி வைத்திருப்போர் சிலர் ஒரு சிறு சங்கமாகக் கூடியிருக்கின்றனர். விடுமுறை நாளொன்றில் தத்தம் கார்களை எடுத்துக்கொண்டு நாட்டுப்புறம் சென்று வருவதே அச்சங்கத்தின் பணி. எம்மோடு கற்பிக்கும் கணித ஆசிரியர் அதில் ஓர் உறுப்பினர். தந்தையார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் ஒன்று அவரிடம் உண்டு. "ஒரு நாளைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எங்களோடு வாருங்கள், மாஸ்ரர்" என்று அவர் அழைத்தார்; சென்றோம்.

இவ்வாறு கூட்டமாகச் செல்லும் வழக்கம் புதியதன்று. இங்கிலாந்தில் மோட்டார் வண்டிகள் மணிக்கு 4 மைல் வேகத்தைத் தாண்டலாகாது என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. அவ்வெல்லை 14 மைலாக உயர்ந்த 1896ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி, மோட்டார் அபிமானிகள் இலண்டனிலிருந்து பிறைற்றன் கடற்கரை வரை திரளாக ஓட்டிச் சென்று மகிழ்ச்சி கொண்டாடினர். அதன் நினைவாக 1927இல் தொடங்கிய ஓட்டம் நவம்பர் மாதத்து முதல் ஞாயிறுகளில் இன்றும் நடைபெறுகிறது. 1905க்கு முன் செய்யப்பட்ட கார்களுக்கே அதில் இடம். அதன் சிறப்பு யாதெனில், அது பந்தயமன்று. முந்தி வந்தவருக்குப் பரிசில்லை. குறித்த நேரத்துள் வந்து சேர்ந்தோர் யாவருக்கும் பதக்கம் உண்டு.

எமது குடாநாட்டில் பழைய கார்கள் எஞ்சியிருப்பதற்குக் காரணம் வேறு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி ஒடுங்கிற்று. இருந்தவற்றைப் பேணுவதன்றி வேறு வழியில்லை. பின்னர் 1990 முதல் போர்க்காலத் தடைகளினாற் பெற்றோல் அருமருந்தாகியபோது, இந்தக் கிழட்டுக் கார்களே கை கொடுத்தன. இவற்றின் இயந்திரங்கள் எரிபொருளைக் குறைந்த அளவே அமுக்குபவை. ஆதலால் தரங்குறைந்த மண்ணெண்ணெயையும் ஒருவாறு ஏற்றுக்கொண்டன. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகை கக்கிக்கொண்டு சென்ற அக்கார்களை எம் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள்.

அன்று காலை ஏழு மணிக்கு நல்லூரில் ஒன்பது கார்கள் திரண்டன. மொறிஸ் மைனர் நான்கு. ஒஸ்ரின் கேம்பிறிச் மூன்று. இளைஞர் இருவரின் சிறிய மினி ஒன்று. எல்லாவற்றினும் மூத்ததாய், 1953இல் செய்யப்பட்ட ஒஸ்ரின் சமசெற் ஒன்று. மூத்த காரின் சாரதி, ஓய்வுபெற்ற தபாலதிபர். எழுபத்து நான்கு வயதினர். அருகே, உயர்தர வகுப்பிற் கற்கும் அவருடைய பேத்தி அமர்ந்திருந்தாள். கராஜ் நடத்தும் பெரியவர் ஒருவர் தமது ஆயுதப் பெட்டியோடு கடைசிக் காரில் ஏறிக்கொண்டார்.

புறப்படுமுன் கணித ஆசிரியர் விதிகளை எடுத்துரைத்தார். பேருந்துகளும் நோயாளர் வண்டிகளும் தடையின்றி முந்திச் செல்லும்படி மும்மூன்று கார்களாகப் பிரிந்து, இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும். ஒருவரையொருவர் முந்தலாகாது. எல்லாவற்றினும் முக்கியமான விதி இது: ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் காருக்குப் பொறுப்பாளி. பின்னோக்குக் கண்ணாடியில் அக்கார் தெரியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சந்தியில் திரும்பும்போது, அது வந்து தம்மைக் காணும்வரை நிற்க வேண்டும். இவ்விதியை யாவரும் காத்தால் ஒருவரும் வழி தவறார் என்பது அவரது கணக்கு.

செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தின் மேற் சென்றபோது கடனீரேரியிற் காலை வெயில் தகதகத்தது. நாம் சற்றே மௌனமானோம். காரணம் பின்னர் கூறுவோம். கைதடியையும், பலாப்பழத்துக்குப் பேர்பெற்ற சாவகச்சேரிச் சந்தையையும் கடந்து சென்றோம். கொடிகாமத்துக்குச் சற்று முன்னே எம் சாரதியார் கண்ணாடியை நோக்கி, "சமசெற்றைக் காணவில்லை" என்றார். முன்னே சென்ற கார்களும் ஒவ்வொன்றாக நின்றன.

திரும்பிச் சென்று பார்த்தபோது மூத்த கார் வேப்பமர நிழலில் நின்றது. வெப்பத்தினாற் குழாயிலேயே பெற்றோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொண்டதாம். கராஜ்காரர் ஈரத்துணியைப் பெற்றோற் பம்பின் மேற் சுற்றி, "இனிப் பொறுமைதான் மருந்து" என்று சொல்லிப் பீடியைப் பற்றவைத்தார். அரை மணி கழிந்து இயந்திரம் உயிர்பெற்றது. ஒரு மைல் சென்று கொடிகாமச் சந்தியில் மீண்டும் அடங்கிற்று.

இளைஞருள் ஒருவர் பொறுமையிழந்தார். "பருத்தித்துறைக்குப் போய்த் திரும்ப இருட்டிவிடும். ஐயா கண்டி வீதியாலேயே வீட்டுக்குத் திரும்பினால் அவருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்றார். தபாலதிபர் சிறிதும் கோபிக்கவில்லை. "தம்பி சொல்லுறது சரி. நான் மெல்லத் திரும்புறன். நீங்கள் போங்கோ" என்றார். பேத்தி தலை குனிந்தாள். எவரும் மறுத்துரைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நாமும் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம்.

அப்போது கராஜ்காரர் பீடியை எறிந்துவிட்டு இளைஞரை நோக்கினார். "தம்பி, நீ பிறக்க முந்தின கதை ஒன்று சொல்லட்டோ?" என்று தொடங்கினார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவிலே வீடு வாசல்களை விட்டுப் பெயர்ந்த நாள். மழை, இருள், நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடி வைத்து நகரும் சனசமுத்திரம். நடக்க இயலாத தாயாரைத் தோளிற் சுமந்து வந்த கராஜ்காரர், செம்மணியருகே மேற்கொண்டு சுமக்க மாட்டாமல் வீதியோரம் குந்திவிட்டார். சனத்தோடு ஊர்ந்து வந்த சமசெற் ஒன்று அவர் பக்கத்திலே நின்றது. உள்ளே குழந்தைகளும் முதியோரும். கூரையின் மேற் பெட்டிகள். சாரதி இறங்கித் தமது பெட்டிகளை அவிழ்த்து வீதியோரம் வைத்தார். பின்னிருக்கையில் இருந்த பையன்கள் இருவரைக் கூரையில் ஏற்றி, அந்த இடத்தில் தாயாரை இருத்தினார். மண்ணெண்ணெயில் ஓடிய கார் பாலத்தில் மும்முறை நின்றது. மும்முறையும் நடந்து வந்தவர்கள் தள்ளினார்கள். பொழுது புலர்ந்தபோது கைதடியை அடைந்தார்கள்.

"என்ர அம்மா அதுக்குப் பிறகு பதினொரு வருஷம் இருந்தவ. இந்தக் கார் ஒருத்தரையும் விட்டிட்டு வந்த கார் இல்லை" என்று கூறி முடித்தார் கராஜ்காரர். தபாலதிபரோ, "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று கூறி ரேடியேற்றரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்.

அவ்விரவில், பதினாறு வயது மாணவனாக, புத்தகப் பையோடு அப்பாலத்தை நாமும் நடந்து கடந்தோம். எம் தந்தையார் பத்தடிக்கொருமுறை திரும்பிப் பார்த்து எம் பெயரைச் சொல்லி அழைத்த குரல் இன்றும் செவியில் உண்டு. அப்படியிருந்தும், கொடிகாமச் சந்தியில் நாம் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தோம்.

மினியின் இளைஞர் ஒன்றும் பேசவில்லை. தமது காரை ஓரமாக எடுத்து வழிவிட்டு, "ஐயா, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. உங்கட வேகத்துக்கு நாங்கள் வாறம்" என்றார். அதன்பின் சமசெற் முன்னே சென்றது. வரணி வழியாகப் பருத்தித்துறை சேர்ந்து, முனைக் கடற்காற்றிலே தட்டை வடையும் தேநீரும் உண்டோம். மாலையில் நெல்லியடியைக் கடந்து, வல்லை வெளியின் காற்றில் மிதந்து, நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்கிடையே மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்வலம் போல் வந்தோம். சமசெற் பின்னர் ஒருமுறையும் நிற்கவில்லை. குறித்த நேரத்துக்கு இரண்டு மணி பிந்தினோம். ஆயினும் காலையிற் புறப்பட்ட ஒன்பதும் நல்லூரை அடைந்தன.

அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. வகுப்பறையும் ஒரு கூட்டப் பயணமே அன்றோ? பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் நாமும் இருபது ஆண்டுகளாக முன்னே ஓட்டி வந்திருக்கிறோம். கடைசி வாங்கில் ஒரு மாணவன் இருந்தான். கேள்வி கேட்டால் எழுந்து மௌனமாக நிற்பான். 'இவனுக்காக நாற்பது பேரை நிறுத்தி வைக்கலாமா?' என்று எண்ணிப் பாடத்தைத் தொடர்ந்தோம். ஒரு தவணைக்குப் பின் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. அவன் வராததைக் கவனிக்கவே எமக்குப் பல நாள்கள் சென்றன. எமது கண்ணாடியில் அவன் தெரியவில்லை, நாம் பார்க்கவுமில்லை.

மாணவ நண்பர்களே, முன்னேற வேண்டும் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்கிறார்கள், நாமும் சொல்லியிருக்கிறோம். அது பிழையன்று. ஆனால் காரின் முன்கண்ணாடி பெரியதாயிருக்க, அதன் நடுவே ஒரு சிறு கண்ணாடியையும் பொருத்தியவர்கள் காரணமின்றிப் பொருத்தவில்லை. உங்கள் வகுப்பிலே, உங்கள் வீட்டிலே, பின்னே மெல்ல வருபவர் ஒருவர் இருப்பார். இடையிடையே திரும்பிப் பாருங்கள். காணவில்லையானால், சந்தியிற் சற்றே நில்லுங்கள்.

நாமும் மறுநாட் காலை, முதல் வேலையாக, இவ்வாண்டு வகுப்பின் வரவு இடாப்பைக் கடைசிப் பெயரிலிருந்து மேல்நோக்கிப் படித்துப் பார்த்தோம்.