“நம்ம ஊர்லயே இருக்கே”: நாகப்பட்டினத்தாருக்குப் பினாங்கிலிருந்து ஒரு மடல்

நாகப்பட்டினத்துப் பெரியோர்களுக்கும், என் வயதொத்த சிநேகிதர்களுக்கும், சென்ற மாதம் உல்லாசக் கப்பலில் வந்து பினாங்கில் ஒரு பகல் தங்கிச் சென்ற முப்பது சொச்சம் பேருக்கும் நமஸ்காரம்.

நீங்கள் க்ஷேமமாக ஊர் திரும்பிய செய்தி கிடைத்தது. கப்பலில் எடுத்த படங்களும், சுவரில் வரைந்த சைக்கிள் சித்திரத்தின் முன்னால் ஒவ்வொருவராக நின்று எடுத்துக்கொண்ட படங்களும் என் கைபேசியில் வந்து குவிந்தன. பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்று எழுதி, இத்துடன் கடிதத்தை முடித்துவிடலாம். உபசாரத்துக்கு அதுவே போதும். ஆனால் அன்று பிற்பகல் சூலியா வீதி முனையில், வேனின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவாறு உங்களில் மூத்தவர் ஒருவர் உதிர்த்த வாக்கியம் இன்னும் என் காதில் ரீங்காரம் செய்துகொண்டிருப்பதால், மனத்தில் கிடப்பதை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும், அவர் சொன்னவுடன் எல்லோருமாகத்தானே சிரித்தீர்கள்?

“நாகூர் தர்காவா? அதுதான் நம்ம ஊர்லயே இருக்கே, இங்க எதுக்கு?”

அன்றைய பொழுது எப்படிச் செலவாயிற்று என்று கொஞ்சம் பார்ப்போம். காலை எட்டு மணிக்கு ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினீர்கள். விக்டோரியா மகாராணி அரசாண்ட அறுபது ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரத்தில் ஒரு சீனச் செல்வந்தர் கட்டிக்கொடுத்த மணிக்கூண்டு பக்கத்திலேயே நிற்கிறது. யுத்த காலத்துக் குண்டுவீச்சில் அது சற்றே சாய்ந்துபோன கதையைக் கேட்டுக்கொண்டீர்கள். கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் நுழைந்து, 1786இல் பிரான்சிஸ் லைட் என்ற வெள்ளைக்காரன் இத்தீவைக் கைப்பற்றியபோது, காட்டை விரைவில் வெட்டச் செய்வதற்காகப் பீரங்கியில் வெள்ளிக்காசுகளைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டானாம் என்ற கர்ணபரம்பரைக் கதையையும் ரசித்தீர்கள். டச்சுக்காரர்கள் 1603இல் வார்த்த பெரிய பீரங்கிக்குப் பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் பூச்சாத்தும் வழக்கம் உண்டு என்றதும், உங்கள் கூட்டத்தில் ஒரு மாமி தம் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை எல்லாம் சுபம். பிறகு அந்த சைக்கிள் சித்திரம். வரிசையில் நின்று முக்கால் மணி. பிறகு சாக்லேட் கடை. ஒன்றே கால் மணி. பகல் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலை போட்டு, சாம்பார் நம்ம ஊர் மாதிரி இல்லை என்ற தீர்ப்பு. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. பணம் கட்டி வந்தவர்கள் தங்கள் இஷ்டப்படி பார்ப்பதுதான் தர்மம். தர்காவின் வாசலில் பத்து நிமிஷம் இறங்கி நிற்க மட்டும் உங்களுக்கு நேரம் இல்லாமற் போயிற்று.

அது பெரிய கட்டடம் அன்று. நாகூர் தர்காவிலுள்ள ஐந்து மினார்களையும் அலைவாய்க் கரையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வீதி முனையில் வெள்ளையடித்து நிற்கும் இந்தச் சிறு கூடம் ஒரு பொருட்டாகவே தோன்றாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நம் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்து சேர்ந்த மரக்கார்களும் மாலுமிகளும், கூலிகளும், வழியில் புயலில் சிக்காமல் உயிரோடு கரை தொட்டதற்கு நன்றியாக, நாகூரில் அடங்கியிருக்கும் எஜமானின் பெயரால் எழுப்பிய ஞாபகச் சின்னம் அது. உள்ளே அடக்கமானவர் யாரும் இல்லை, நேர்ச்சைதான் அடங்கியிருக்கிறது. வெளித் தாழ்வாரத்தில் சின்னஞ்சிறு கடைகள் உண்டு. நான் வந்த புதிதில் அங்கே ஒருவர் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளைப் பல மடிப்பாக மடித்து ஒட்டி விறைப்பாக்கி, அதன்மேல் கறுப்பு வெல்வெட்டை இழுத்துச் சுருக்கம் விழாமல் சொங்கோக்குத் தொப்பி தைத்துக்கொண்டிருப்பார். அவர் மடித்த தாளில் தமிழ் எழுத்து தென்படும் நாட்களில், அருகில் நின்று, தலைப்புச் செய்தி தொப்பிக்குள் மறையும் வரை வாசித்துவிட்டுத்தான் கடைக்குத் திரும்புவேன்.

நானும் அப்படிக் கரை சேர்ந்தவன்தானே? ‘ரஜூலா’ கப்பல் நம் ஊருக்கு எதிரே ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்க, படகிலே போய், ஆடுகிற ஏணியைப் பிடித்து ஏறி, டெக்கில் பாய் விரித்த கடைசிக் கூட்டத்தில் நானும் ஒருவன். 1973க்குப் பிறகு அந்தக் கப்பல் இல்லை. அதன் பின் ஓடிய ‘சிதம்பர’மும் 1985இல் தீப்பிடித்ததோடு நின்றுபோயிற்று. ஏறுவதற்கு முதல் நாள் என் தாயார் நீலாயதாட்சி சந்நிதியில் அர்ச்சனை செய்துவிட்டு, அந்தக் கையோடு நாகூருக்கும் என்னை அழைத்துப் போய், ‘கடல் தாண்டிப் போறான், பாத்துக்குங்க எஜமானே’ என்று முந்தானையில் முடிந்து வந்த காசைப் போட்டார்கள். நம் ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. பினாங்கில் வந்து இறங்கியவன், ஊரே அறியாமல் திக்குமுக்காடி நடந்து, சூலியா வீதி முனையில் அந்தப் பெயர்ப்பலகையை வாசித்தபோது அடைந்த ஆறுதலை உங்களுக்கு நான் வேனில் வைத்து எப்படி விளக்குவேன்? ஓட்டுநர் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

‘நம்ம ஊர்லயே இருக்கே’ என்று நீங்கள் தர்காவுக்கு மட்டும் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். குவீன் வீதியில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலுக்கும் அதையே சொன்னீர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர் தலைவர் ஒருவர் 1801இல் நிலம் பெற்று எழுப்பிய கப்பித்தான் கிலிங் பள்ளிவாசலுக்கும் அதே வாக்கியம். தண்ணீர்மலை முருகனுக்கும், ஐந்நூற்றுப் பதின்மூன்று படியாமே, பழனியே நமக்குக் கிட்டக்க இருக்கே, என்று விடை கொடுத்தாயிற்று. அந்த வழியில் பார்த்தால், அரை நூற்றாண்டாக இங்கே இருக்கும் நானும் உங்கள் ஊரிலேயே இருக்கிற ஒரு சரக்கின் நகல்தான். என்னை மட்டும் எதற்காகப் பார்க்க வந்தீர்கள்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. எழுதிவிட்டுப் போகிறேன், விடுங்கள்.

மாலையில் கொடிமலைக்குப் போனோம். 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயில், புதுப் பெட்டிகளோடு இப்போது சில நிமிஷங்களில் உச்சிக்குக் கொண்டு சேர்க்கிறது. அன்று வானம் நிர்மலமாக இருந்தது. கடலுக்கு அப்பால் வடக்கே ஜெராய் மலை நீலமாகத் தெரிந்தது. அதுதான் கடாரம் என்று கையைக் காட்டினேன். ஓரிருவர் திரும்பிப் பார்த்தீர்கள்; மற்றவர்கள் கேமராவுக்கு முதுகைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள். அந்த மலையடிவாரத்துப் பூஜாங் சமவெளியில் இன்றும் செங்கல்லும் கல்லுமான கோயில் அடித்தளங்கள் கிடக்கின்றன. கடாரத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் நம் நாகையிலே ஒரு புத்த விஹாரம் எடுப்பித்தானே, அப்போது ராஜராஜ சோழன் என்ன செய்தான்? ‘புத்தர் கோயில்தான் உங்கள் கடாரத்திலேயே இருக்கிறதே, இங்கே எதற்கு?’ என்று தஞ்சாவூர் அரண்மனையில் அமர்ந்து சிரித்தானா? 1006ஆம் ஆண்டு வாக்கில் ஆனைமங்கலம் என்ற முழுக் கிராமத்தை அந்த விஹாரத்துக்கு எழுதிவைத்தான்; செப்பேடு இருக்கிறது. அவன் மகன் பின்னாளில் கடாரத்தின்மேல் கப்பற்படை அனுப்பியது வேறு விஷயம்; சம்பந்திகளுக்குள் சண்டை வராமலா இருக்கும்? கடல் கடந்து வந்தவன் தன் தெய்வத்தையும் கூட்டிக்கொண்டுதான் வருவான் என்பது சோழனுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சோழன் பெயரில் ஊரெல்லாம் பலகை மாட்டுகிற நமக்கல்லவா தெரியாமற் போயிற்று!

அந்த விஹாரத்தின் மிச்சமாக நின்ற கோபுரத்தைப் பாதிரிமார்கள் கேட்க, சர்க்கார் அனுமதி கொடுக்க, 1867இல் தரைமட்டமாக்கினார்கள். இப்போது விஹாரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய் வெண்கல புத்தர்களைத்தான் பார்க்கவேண்டும். இங்கேயோ 2008இல் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த பிறகு, பழைய கட்டடத்தில் ஓர் ஓட்டை மாற்றுவதென்றாலும் நகரசபையில் மனுப்போட வேண்டியிருக்கிறது. இந்த நாட்டார் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. அதே பூஜாங் சமவெளியில் 2013இல் ஒரு பழைய கோயில் அடித்தளத்தை வீட்டுமனைக்காகப் பெயர்த்தெறிந்துவிட்டார்கள். ஆனால் அன்று எழுந்த கூச்சல் நாடு முழுக்கக் கேட்டது.

ஊரை விட்டுப் போனவனுக்கு இந்த உபதேசம் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க உங்களுக்குப் பாத்தியதை உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஒரே கடல் இரண்டு கரையிலும் ஏறிற்று. இங்கே ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள்; அங்கே ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போயிற்று. நீங்கள் அக்கரைப்பேட்டையில் பிணங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நான் இங்கே வங்கி வரிசையில் நின்று பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன். பணம் வந்து சேர்ந்தது என்று எழுதினீர்கள். ‘நீ வரவில்லையே’ என்று ஒருவரும் எழுதவில்லை. அந்தப் பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம், எழுதியே இருக்கலாமே என்று தோன்றும். வெளிப்பாளையத்து வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு, விற்கவும் மனமில்லாமல், வரவும் முடியாமல், திண்ணையில் யாராவது படுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறவன் நான். 2023இல் காங்கேசன்துறைக்கு நாகையிலிருந்து மறுபடி கப்பல் விட்டார்கள் என்று வாசித்த அன்று, எனக்கு யாதொரு சம்பந்தமும் இல்லாத அந்தக் கப்பலுக்காக இங்கே கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக்கொடுத்தேன்.

ஆகையினால் என் விண்ணப்பம் இதுதான். தைப்பூசத்தை ஒட்டி இன்னொரு கோஷ்டி வருவதாகக் கேள்விப்பட்டேன். கப்பல் துறைக்கு வரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் முன்கூட்டியே எழுதுங்கள். வேன் என் செலவு, பகல் சாப்பாடு என் வீட்டில், சாம்பார் என் மனைவி வைப்பது, அவளும் நம்ம ஊர்ப் பெண்தான். முதலில் தர்கா, அடுத்து மாரியம்மன், அப்புறம் உங்கள் இஷ்டம். யாருக்கு எந்தச் சாக்லேட்டு, எத்தனை டப்பா என்று பட்டியல் அனுப்பிவைத்தால் நானே வாங்கிக் கட்டி வைத்திருக்கிறேன். அந்த மூத்தவரையும் அவசியம் அழைத்து வாருங்கள். ஜன்னல் ஓரத்து இடம் மட்டும் அவருக்குக் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்,
பினாங்கு