பழுது யார் வீட்டில்?

ஒளியிழை இணைப்பு விட்டு விட்டு வேலை செய்யும்போது, புகார் சொல்லத் தொலைபேசியில் அழைக்கும் சந்தாதாரரின் காதில் முதலில் விழும் வாக்கியம் ஒன்றுதான்: மோடத்தை அணைத்துவிட்டு முப்பது விநாடி கழித்துப் போடுங்கள். தில்லியானாலும் பாட்னாவானாலும், எந்த நிறுவனமானாலும், இதில் மாற்றமில்லை. மறுமுனையில் பேசும் இளைஞரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் முன்னாலுள்ள திரையில் முதல் வரி அதுதான். சில நேரம் அது பலிக்கவும் செய்கிறது. பலிக்காதபோது வரும் அடுத்தடுத்த கேள்விகளோ வீட்டுக்குள்ளேயே சுற்றுகின்றன. எத்தனை கைபேசிகள் இணைந்துள்ளன? மோடம் எந்த அறையில் இருக்கிறது? நடுவில் எத்தனை சுவர்கள்? பழுது சந்தாதாரரின் வீட்டில்தான் இருந்தாக வேண்டும் என்ற தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு விசாரணை தொடங்குகிறது.

இந்தத் தீர்ப்பைச் சோதித்துப் பார்க்க ஒரு சாதாரண லேன் கேபிள் போதும். வைஃபையை விட்டுவிட்டு, மடிக்கணினியை மோடத்துடன் நேரடியாகக் கம்பியால் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். கம்பியில் சீராக வரும் இணையம் வைஃபையில் மட்டும் தடுமாறினால், நிறுவனம் சொன்னது சரிதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்து வீடுகளின் மோடங்கள் எல்லாம் முட்டி மோதுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், அல்லது மோடத்தை இரும்பு அலமாரியின் பின்னாலிருந்து வெளியே எடுத்து வைத்தால், பாதித் தொல்லை தீரும். தரமிழந்த மின் அடாப்டரும் மோடத்தை அடிக்கடி தானாக அணைத்துப் போட வைக்கும். இவை உண்மையிலேயே வீட்டுப் பழுதுகள்.

ஆனால் கம்பியிலும் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால், பேச வேண்டியது சுவர்களைப் பற்றி அல்ல, வெளிச்சத்தைப் பற்றி.

ஒளியிழை என்பது மயிரிழையை ஒத்த கண்ணாடி. அதன் நடுவே ஒளி செல்லும் பகுதியின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரான் மட்டுமே. நிறுவனத்தின் நிலையத்திலிருந்து 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி வீட்டுக்கு வருகிறது. வீட்டிலிருந்து 1310 நானோமீட்டரில் திரும்பிச் செல்கிறது. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிகள். எனவே கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய் ‘வெளிச்சம் வருகிறதா’ என்று பார்ப்பது ஆபத்தான வேலை. பார்க்க வேண்டிய இடம் வேறு. மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் ‘ஆப்டிகல் பவர்’ என்று ஒரு எண் இருக்கும். டிபிஎம் என்னும் அலகில், மைனஸ் குறியுடன் வரும். மைனஸ் 20 என்றால் மோடத்துக்கு வந்து சேரும் ஒளி ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. மூன்று டெசிபல் குறைந்து மைனஸ் 23 ஆனால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். மைனஸ் 27ஐ நெருங்கினால் இணைப்பு விளிம்பில் தொங்குகிறது. காற்றடித்தாலும் போகும், வெயிலடித்தாலும் போகும். அதற்கும் கீழே போனால்தான் மோடத்தின் முகப்பில் அந்தச் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும்.

விளக்கு எரியும் பழுதைவிட எரியாத பழுதே கொடியது. ஒளி முற்றாக நின்றுவிட்டால் எவரும் மறுக்க முடியாது. ஆள் வந்தே ஆக வேண்டும். மைனஸ் 26இல் தள்ளாடும் இணைப்போ, புகாரைச் சோதிக்கும் நேரத்தில் ஒழுங்காக நடந்துகொள்ளும். ‘உங்கள் இணைப்பு நன்றாக உள்ளது, புகார் முடிக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வரும். அன்று மாலையே மீண்டும் போகும்.

ஒளி எங்கே தொலைகிறது என்று அறியத் தெருவைப் பார்க்க வேண்டும். கணக்காயர் தேர்வுக்குப் பயிலும் மாணவர்கள் நிறைந்த கிழக்கு தில்லியின் லட்சுமி நகரில் மின்கம்பங்களை அண்ணாந்து பார்த்தால் போதும்: பல நிறுவனங்களின் கேபிள்கள் ஒரே கம்பத்தில் சுருண்டு, முறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று தொங்குகின்றன. கூர்மையாக வளைந்த இடத்தில் இழையிலிருந்து ஒளி கசிந்துவிடும். ஒவ்வொரு ஒட்டும் ஒவ்வொரு சொருகு முனையும் சிறிது ஒளியைத் தின்னும். முனையில் படிந்த தூசி இன்னும் கொஞ்சம் தின்னும். அறுந்த இழையை முறைப்படி உருக்கி ஒட்டும் எந்திரம் இல்லாதபோது, கையால் பொருத்தும் முனையைப் போட்டு அன்றைய புகாரை முடித்து வைப்பதுண்டு. அந்த ஒட்டுக்குள் மழைநீர் இறங்கினால் பழைய கதைதான். வாரணாசியில் கங்கைப் படித்துறைகளை ஒட்டிப் போடப்பட்ட ஒளியிழைகளைக் குரங்குகள் கடித்துத் தின்பதாக 2015இல் செய்தி வந்தது. குரங்குகளையாவது எளிதில் அடையாளம் காண முடிந்தது.

தெருவில் உள்ள இழை எப்படிப் போகிறது, எந்தக் கம்பத்தில் எந்த ஒட்டு என்பதை அறிந்த மனிதர்கள் ஒரு காலத்தில் நிரந்தர ஊழியர்களாக இருந்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல் நிறுவனத்திலிருந்து 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரே நாளில் வெளியேறினர். ஊதியச் சுமை குறைந்தது என்று கணக்குக் காட்டப்பட்டது. தெருக்களின் வரைபடமும் அன்று அவர்கள் தலையோடு வெளியேறியதை எந்தக் கணக்கும் காட்டவில்லை. இன்று அந்நிறுவனத்தின் வீட்டு ஒளியிழை இணைப்புகளில் பெரும்பகுதி வருவாய்ப் பங்கு முறையில் உள்ளூர்க் கூட்டாளிகள் வழியே நடக்கிறது. தனியார் நிறுவனங்களில் தொடக்கம் முதலே ஒப்பந்த முறைதான். பல இடங்களில் தொழிலாளிக்குக் கூலி புதிய இணைப்புக்கு இவ்வளவு, முடித்த புகாருக்கு இவ்வளவு என்ற கணக்கில் கிடைக்கிறது. பழைய ஒட்டைத் தேடிப்பிடித்துச் செம்மைப்படுத்த அரைநாள் ஏணியில் நிற்பவருக்கு அந்த அரைநாளின் கூலி நஷ்டம். அதே அரைநாளில் இரண்டு புதிய இணைப்பு கொடுத்தால் லாபம். இந்தக் கூலிமுறை பழுதுகளைப் பெருக்குகிறதே அன்றிக் குறைக்கவில்லை. கோபத்தோடு வாசலில் நிற்கும் சந்தாதாரருக்கோ கண்ணெதிரே தெரிபவர் அந்தத் தொழிலாளி மட்டுமே. வசவும் அவருக்கு, குறைந்த மதிப்பெண்ணும் அவருக்கு.

ஒளி அளவு சரியாக இருந்து, கம்பியிலும் சோதித்து, இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் வேகம் படுத்துவிடுமானால் அது வேறு வகை. விநாடிக்கு இரண்டரை கிகாபிட் கொண்ட ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது இந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பு, அதில் தவறில்லை. நிலையத்துக்கு மேலே போதிய கொள்ளளவு வாங்காமல் சந்தாக்களை மட்டும் விற்பது தவறு. ஏணியில் ஏறும் எவராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அறுபடும் இணைப்பை வசதியின் குறையாக மட்டும் பார்த்த காலம் போய்விட்டது. விண்ணப்பம், தேர்வு, ரேஷன் பதிவு, மருத்துவமனை முன்பதிவு எல்லாம் இணையத்துக்குப் போன பிறகு அது உரிமையின் கேள்வி. விடுதியில் கைபேசிக்குத் தடை விதிக்கப்பட்டதை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் கூறியது. உரிமை என்று ஏற்ற பின், அதன் அளவுகோல் மட்டும் நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டிக் கிடப்பது எப்படி நியாயமாகும்? சில நிறுவனங்கள் மோடத்தின் நிர்வாகப் பக்கத்துக்கான கடவுச்சொல்லைச் சந்தாதாரருக்குத் தருவதேயில்லை. மின்சார மீட்டரைத் துணியால் மூடிவிட்டுக் கட்டணம் கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு குறைவு.

இணைப்பு கொடுக்கும் நாளிலேயே வீட்டில் வந்து சேரும் ஒளியின் அளவை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு புகாரும் முடிக்கப்படும்போது அந்த அளவு மீண்டும் பதியப்பட வேண்டும். தொடக்க அளவிலிருந்து மூன்று டெசிபல் குறைந்திருந்தால் புகாரை முடிக்கக் கூடாது. இதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்குவதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. நிறுவனத்தின் நிலையத்திலிருந்தே ஒவ்வொரு மோடத்தின் அளவையும் படிக்க முடியும். மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கும் பழுதுக்கு வாடகைத் தள்ளுபடி என்பது 2006ஆம் ஆண்டின் தரவிதிகளிலேயே இருந்தது. பொய்யாக முடிக்கப்படும் புகார்கள் அந்த மூன்று நாள் கணக்கை ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோவதால் விதி ஏட்டளவில் நிற்கிறது.

அதுவரை ஒரு சிறு நோட்டு உதவும். இணைப்பு போகும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், ஒளி அளவு, மழையா வெயிலா என்பதைக் குறித்து வந்தால், பத்து நாட்களில் பழுதின் முகம் தெரிந்துவிடும். மழையோடு போனால் ஒட்டில் நீர். காற்றோடு போனால் கம்பத்தில் ஆடும் கேபிள். அந்தப் பக்கத்தைக் காட்டினால் வந்து நிற்கும் தொழிலாளிக்கும் தேடும் வேலை பாதியாகும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி அதன் அருகே எழுதுவது முக்கியம். நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதும்போது அந்த எண் இல்லாமல் எதுவும் நகராது. அங்கும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகளை அங்கே விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தன. அந்த வாதத்தை 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது.