நிலத்தடி நீரும் பம்பு மின்சாரமும்

பஞ்சாப் மாநிலச் சட்டமன்றம் 2009-ஆம் ஆண்டில் நிலத்தடி நீரைப் பாதுகாக்கச் சட்டம் ஒன்றை இயற்றியது. மே 10-ஆம் தேதிக்கு முன்னர் நெல் நாற்று விடலாகாது. ஜூன் 10-ஆம் தேதிக்கு முன்னர் நடவு செய்யலாகாது. மீறுவோர் ஹெக்டேருக்கு மாதம் ஒன்றுக்கு 10,000 ரூபாய் தண்டம் செலுத்த வேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள். பருவமழை அம்மாநிலத்தை எட்டுவது ஜூன் இறுதியை ஒட்டியே. அதற்கு முன் கோடை வெயிலில் வயலில் நிறுத்தும் நீர் பெருமளவில் ஆவியாகிறது. அந்நட்டத்தை ஈடு செய்வது குழாய்க்கிணறே. பின்னாளில் அத்தேதி பலமுறை மாற்றப்பட்டது; 2025-இல் மண்டலவாரியாக ஜூன் 1 முதலே நடவு அனுமதிக்கப்பட்டது.

இச்சட்டத்தில் மெச்சத்தக்க அம்சம் அதன் எளிமை. நடவு நடந்துவிட்டதா என்பதை வரப்பில் நின்று பார்க்கும் வேளாண்மை அலுவலர் கருவி எதுவுமின்றிக் கூறிவிடலாம். 2003-ஆம் ஆண்டின் மத்திய மின்சாரச் சட்டமோ, இரண்டாண்டுகளுக்குப் பின் மீட்டரின்றி மின்சாரம் வழங்கலாகாது என்று விதித்தது; பல மாநிலங்களில் உழவர் பம்புகள் இன்றும் மீட்டரின்றியே ஓடுகின்றன.

ஆயினும், தேதி கடந்தபின் பம்பு எத்தனை மணி நேரம் ஓடினும் பஞ்சாப் சட்டம் அதனைக் கேட்பதில்லை. நடவு தாமதித்தமையால் அறுவடையும் தாமதித்து, கோதுமை விதைப்புக்குள்ள இடைவெளி குறுகி, வைக்கோற் தாளை வயலிலேயே எரிக்கும் வழக்கம் மிகுந்தது என்ற குறையும் கூறப்படுகிறது. அது புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆசிரியர்கள் வகுப்பில் காட்டத்தக்க கணக்கு ஒன்று இங்கே உண்டு. ஒரு யூனிட் மின்சாரம், சிறிதும் நட்டமில்லையெனில், 1,000 லிட்டர் நீரை 367 மீட்டர் உயர்த்தும். பம்பின் திறன் நூற்றுக்கு 40 எனக் கொண்டால், 30 மீட்டர் ஆழத்திலிருந்து அதே யூனிட் ஏறத்தாழ 4,900 லிட்டர் நீரைத் தரும். நீர்மட்டம் 60 மீட்டருக்கு இறங்கினால் அதிற் பாதியே கிட்டும். நீர்மட்டத்தின் வீழ்ச்சியை மின்சார மீட்டர் இவ்விதம் காட்டிக்கொடுக்கும். மீட்டர் இல்லாத இடத்தில் நீரின் கணக்கும் இல்லை, மின்சாரத்தின் கணக்கும் இல்லை.

இலவச மின்சாரத்தை நிறுத்தினாலன்றி மீட்டர் வாராது என்பது பொதுவான எண்ணம். அது சரியன்று. 2018-இல் பஞ்சாப் அரசு 'பானி பசாவோ, பைசா கமாவோ', அதாவது 'நீரைச் சேமி, பணம் ஈட்டு' என்னும் திட்டத்தைச் சில மின்தொடர்களில் சோதனையாகத் தொடங்கிற்று. உழவருக்குக் குறிப்பிட்ட யூனிட்டுகள் இலவசமாக ஒதுக்கப்பட்டன. மிச்சப்படுத்திய யூனிட் ஒவ்வொன்றுக்கும் 4 ரூபாய் அளிக்கப்பட்டது. சேமிப்பை அளப்பதற்காகவேனும் உழவர் மீட்டரை ஏற்க இதில் இடமுண்டு. எமது கருத்தில், மாநிலங்கள் இயற்ற வேண்டிய சட்டம் இத்தகையதே. உழவுக்கு இலவச மின்சாரம் வழங்கும் தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும்.

மீட்டர் பொருத்த வருபவரைக் கண்டதும், கட்டணம் பின்தொடரும் என்று உழவர் ஐயுறுவது இயல்பு. ஆகவே இலவச அளவு இவ்வளவென்பது சட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும். அரசாணையில் மட்டும் எழுதினால் அடுத்த அரசாணை அதனை நீக்கிவிடக்கூடும் என்பதை உழவர் நன்கறிவர்.