புத்தியில்லாத பெடியளா?

2021 டிசம்பரில் வவுனியாவிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் முல்லைத்தீவுக் கடலில் மூழ்கி இறந்தார்கள். இப்படி ஒரு சாவு நடந்தால் எங்கட தண்ணீரூற்றில் இரண்டு கதைதான் கேட்கும். ஒன்று, "கடல் காவு எடுத்திட்டுது." மற்றது, "புத்தியில்லாத பெடியள்." இரண்டையும் நாங்கள் மறுக்கிறோம்.

கடல் காவு எடுப்பதில்லை. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கிற தண்ணீர் திரும்பிப்போக வழி தேடும். மணல்திட்டுகளுக்கு நடுவில் பள்ளம் கிடைத்தால், அதற்குள்ளால் ஒடுங்கி ஆறு மாதிரி வெளியே ஓடும். இதுதான் இழுவை நீரோட்டம். சில நேரம் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்திலும் ஓடும். ஒலிம்பிக் வீரரே அதை எதிர்த்து நீந்திக் களைத்துப்போவார்.

இனி புத்திக் கதை. அந்தப் பள்ளத்தில் அலை குறைவாகத்தான் உடையும். சுற்றியுள்ள இடம் நுரை தள்ள, அது மட்டும் அமைதியாகத் தெரியும். புத்தியுள்ளவன் அங்கேதானே இறங்குவான்? இழுபட்டதும் கரையைப் பார்த்து நேரே நீந்துவான். அவன் தத்தளிப்பதைப் பார்த்த கூட்டாளி சும்மா நிற்பானா? குதிப்பான். ஒரு சாவு இரண்டாவது, மூன்றாவது இப்படித்தான். இதில் எங்கே புத்தி குறைவு? சொல்லித்தந்தவர்கள்தான் குறைவு.

வன்னிப் பிள்ளைகள் குளத்தில் நீந்தப் பழகினவர்கள். குளம் யாரையும் வெளியே இழுத்துப் போகாது. ஆகவே இதைப் பாடசாலையில் சொல்லித்தர வேண்டும்: இழுவை ஆளைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். பதறாமல் மிதக்க வேண்டும். கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்த ஏலுமென்றால் கரைக்கு நேரே அல்ல, கரையோரமாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு வெளியேற வேண்டும். கரையில் நிற்பவர் குதிக்கக்கூடாது. வெறும் கான், டியூப், கயிறு, எது கிடைத்தாலும் எறிய வேண்டும். இதைச் சொல்ல பத்து நிமிடம் போதும்.

"அபாயம்" என்று எழுதிய பலகை மட்டும் போதாது. அவுஸ்திரேலியாவில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில்தான் குளிக்கச் சொல்கிறார்கள். அங்கே உயிர்காப்பாளர் நிற்பார். எங்கட கடற்கரையிலும் எங்கே பள்ளம், எங்கே இழுவை என்று கரைவலை இழுப்பவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டுக் கொடி நட முடியாதா? டிசம்பர் விடுமுறையும் மாரிக் கடலும் ஒன்றாகத்தான் வருகின்றன. அந்த நாட்களிலாவது சம்பளத்துக்கு உயிர்காப்பாளரை நிறுத்துங்கள் என்று பிரதேச சபையிடம் கேட்கிறோம்.

செத்த பெடியளுக்குப் புத்தி சொல்வதை விடுங்கோ. உயிரோடு இருக்கிறவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுங்கோ.