துன்புறுவோர்மீது தீர்ப்பா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளை ஆழிப்பேரலை வாரிச் சென்றது. கண்ணீர் காயுமுன்பே அதைக் கடவுளின் தண்டனை என்றுரைத்த நாவுகளும் இருந்தன. அக்குரல் இன்றும் ஓயவில்லை. நோயாளியின் படுக்கையருகிலும், பிள்ளையை இழந்த தாயின் முற்றத்திலும் ஒலிக்கிறது. சான்றாகக் காட்டப்படுவது எபிரேயர் திருமுகத்தின் 12ஆம் அதிகாரம்.

துன்பத்தின் வழியே இறைவன் நம்மைப் பண்படுத்துகிறார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்திருமுகம் யாருக்கு எழுதப்பட்டது? விசுவாசத்திற்காக இகழப்பட்டு, உடைமைகளைப் பறிகொடுத்தோருக்கு. 'நீங்கள் கைவிடப்பட்டவர்கள் அல்லர், பிள்ளைகள்' என்று தேற்றவே அங்கே தந்தையின் கண்டிப்பு பேசப்படுகிறது. ஆறுதலாகத் தந்த சொல்லைக் கல்லாக்கி எறிவது முறையா?

சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் மற்றவரைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்றார் இயேசு. யோபுவின் துயருக்குப் பாவத்தைக் காரணம் கற்பித்த நண்பர்கள்மீதே இறைவன் சினங்கொண்டார். எல்லாத் துன்பமும் குற்றத்திற்கான தண்டனை என்பதை, 1984இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் தம் திருத்தூது மடலில் மறுத்தார்.

'இறைவன் என்னைப் பயிற்றுவிக்கிறார்' என்று சொல்லும் உரிமை துன்புறுபவருக்கே உரியது. அருகில் நிற்கும் நமக்குரியது, சீமோனைப் போல் அவரது சிலுவைக்குத் தோள்கொடுப்பது மட்டுமே.