பாரம் மறந்த வண்டிகள்

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் பிக்கப் டிரக்குகளைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், பலவற்றின் பின்புறம் முன்புறத்தைவிட ஓரிரு அங்குலம் உயர்ந்திருப்பது தெரியும். அது பிழையன்று, பின்தொட்டியில் பாரம் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி வண்டி மட்டமாகட்டும் என்னும் முன்யோசனை. ஒரு யந்திரத்துக்குள் இத்தனை அடக்கம் இருப்பது நமக்கு வியப்பே.

இந்தச் சாய்வைத்தான் பலர் அழகின்மை என்கிறார்கள். முன் சஸ்பென்ஷனில் இரண்டு அங்குல ஸ்பேசரைச் செருகி மட்டமாக்கி, கிடைத்த இடைவெளியில் 33 அங்குல டயரைப் பொருத்துகிறார்கள். பிறகு கனத்த பாரம் ஏற்றினால் வண்டியின் மூக்கு வானம் பார்க்கிறது. முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. 31 அங்குல டயருக்கென அமைந்த வேகமானி 60 மைல் என்னும்போது வண்டி ஏறத்தாழ 64 மைலில் ஓடிக்கொண்டிருக்கும். எரிபொருள் கணக்கைச் சொல்லவே வேண்டாம்.

முன்புறத்தைப் பின்புறத்தைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ தூக்கி நிறுத்தும் மோகத்தை வட கரோலினா 2021இல் சட்டமியற்றித் தடுத்தது. இரண்டு அங்குலத்துக்கு அத்தகைய சட்டம் தேவையென்று நாம் சொல்லவில்லை. சேற்றிலும் பாறையிலும் வண்டியோட்டுபவருக்குப் பெரிய டயர் வேண்டியதுதான். அவர்களும், விளக்கைத் தாழ்த்தி வேகமானியைத் திருத்திய பிறகே நெடுஞ்சாலைக்கு வரட்டும்.